டப்ளின் பஸ் ஓட்டுநரும் டிலி கல்லறைத் தோட்டமும்

கேள்வி இதுதான்: “ஏதோ ஒரு தூர நாட்டு மக்களின் மனித உரிமைக்காக, சுயநிர்ணய உரிமைக்காக இங்கே பத்துப் பேர் சேர்ந்து ஓர் அமைப்பு வைத்துக்கொள்கிறார்கள். கூட்டம் போடுகிறார்கள், மனு எழுதுகிறார்கள், மாதாமாதம் நன்கொடை கேட்கிறார்கள். இதனால் யாருக்காவது நிஜமாகவே விடிந்திருக்கிறதா? பணம் கொடுக்கலாமா, வேண்டாமா?”

விடிந்திருக்கிறது. இப்படிச் சொன்னதும் தென்னாப்பிரிக்காவைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் அங்கே மண்டேலா என்ற பெயர் இருந்தது, விளையாட்டுப் புறக்கணிப்பு இருந்தது, ஐ.நா.வில் பெரும்பான்மை நாடுகளின் ஆதரவும் இருந்தது. உங்கள் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான இடம், இந்தோனேசியத் தீவுகளுக்குப் பக்கத்தில், ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் கிழக்குத் திமோர். ‘அது முடிந்துபோன விவகாரம்’ என்று வல்லரசுகள் எல்லாம் கைகழுவிவிட்ட ஊர் அது. அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் சில நூறு பேர். இருந்தும் 24 ஆண்டுகள் கழித்து அந்த மக்கள் வாக்குப்பெட்டி முன்னால் நின்றார்கள். அந்தச் சில நூறு பேர் எதைச் செய்தார்கள், எது பலித்தது என்பதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிகிற அபூர்வமான கதை. அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

திமோர் தீவின் கிழக்குப் பாதி போர்ச்சுகலின் காலனி. மேற்குப் பாதி டச்சுக்காரர்களிடம் இருந்து இந்தோனேசியாவுக்குப் போனது. 1974 ஏப்ரலில் லிஸ்பனில் சர்வாதிகாரம் கவிழ்ந்ததும் காலனிகளை விட்டுவிடப் போர்ச்சுகல் முடிவு செய்தது. கிழக்குத் திமோரில் கட்சிகள் முளைத்தன, அவற்றுக்குள் சண்டையும் வந்தது. 1975 நவம்பர் 28-ல் ஃப்ரெட்டிலின் கட்சி சுதந்திரப் பிரகடனம் செய்தது. ஒன்பதே நாள். டிசம்பர் 7-ல் இந்தோனேசியப் படை தலைநகர் டிலியில் இறங்கியது. அதற்கு முந்தைய நாள் அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டும் அவருடைய வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கரும் ஜகார்த்தாவில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவோடு உட்கார்ந்து பேசியிருந்தார்கள். ‘நாங்கள் புரிந்துகொள்வோம், இந்த விஷயத்தில் உங்களை நெருக்க மாட்டோம்’ என்பதுதான் ஃபோர்டு சொன்னதன் சாரம். அந்தப் பேச்சின் முழுக் குறிப்பு 2001-ல்தான் வெளியே வந்தது. படையெடுப்பில் பயன்பட்ட ஆயுதங்களில் பெரும்பகுதி அமெரிக்கா கொடுத்தவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐ.நா. பொதுச்சபை அந்த டிசம்பரிலேயே படையெடுப்பைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. எதிர்த்து வாக்களித்த பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. காலனி ஆதிக்கத்துக்கு எதிராக ஊர் உலகமெல்லாம் பேசிய நாடு, ஜகார்த்தாவோடு உள்ள நட்புக்காக அன்றைக்கு அந்தப் பக்கம் நின்றது. நம் பாடப்புத்தகத்தில் வராத ஒரு வரி.

ஆக்கிரமிப்பு தொடங்கியபோது அங்கே இருந்தது சுமார் ஆறரை லட்சம் பேர். பிற்பாடு அமைக்கப்பட்ட உண்மை ஆணையம், 1974 முதல் 1999 வரை மோதலால் இறந்தவர்கள் குறைந்தபட்சம் 1,02,800 பேர் என்று கணக்கிட்டது. அதில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் ஏறக்குறைய 18,600. மற்றவர்களைக் கொன்றது பசியும் நோயும்தான். மலைக்காடுகளிலிருந்து மக்களைக் கீழே இறக்கி முகாம்களில் அடைத்தால் பயிர் ஏது, சாப்பாடு ஏது.

முதல் பதினாறு ஆண்டுகள் இருட்டு. அந்த இருட்டிலும் சிலர் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் இந்தோனேசியக் கப்பல்களில் சரக்கு ஏற்ற மறுத்தார்கள். டார்வின் நகருக்கு வெளியே புதர்க்காட்டில் சில கம்யூனிஸ்ட் தோழர்கள் அனுமதியில்லாத வானொலிக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, மலையிலிருந்து ஃப்ரெட்டிலின் அனுப்பிய செய்திகளைக் கேட்டு எழுதினார்கள். போலீஸ் கருவியைப் பறிமுதல் செய்தும் விடவில்லை. 1978-ன் கடைசியில் மலையில் இருந்த ஒலிபரப்பு வீழ்ந்தபோதுதான் அந்தத் தொடர்பு அறுந்தது. லண்டனில் கார்மெல் புடியார்ஜோ, தான் இந்தோனேசியச் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தவர், 1973-ல் ‘டாபோல்’ என்ற சிறு செய்தி இதழைத் தொடங்கியிருந்தார். ‘அரசியல் கைதி’ என்பதற்கான இந்தோனேசியச் சொல்லின் சுருக்கம் அது. பல ஆண்டுகள் உலகத்துக்கு இந்த ஊரைப் பற்றிக் கிடைத்த நம்பகமான செய்திகளில் கணிசமானவை அந்த இதழ் வழியாகத்தான் வந்தன.

இதனால் என்ன ஆயிற்று என்று கேட்டால், வெளிப்படையாக ஒன்றும் ஆகவில்லை. பொதுச்சபையில் ஆண்டுக்கு ஆண்டு ஆதரவு குறைந்தது. 1982-ல் 50-க்கு 46 என்று நூலிழையில் தப்பியது தீர்மானம். அதன் பிறகு வாக்கெடுப்புக்கே விடவில்லை, தோற்றுவிடும் என்ற பயம். ஆனால் கோப்பு மூடப்படவில்லை. ஐ.நா. பட்டியலில் கிழக்குத் திமோர் கடைசி வரை ‘தன்னாட்சி பெறாத பிரதேசம்’ என்றே இருந்தது, போர்ச்சுகல்தான் சட்டப்படியான நிர்வாகி என்றும் இருந்தது. சலிப்பூட்டும் சட்ட நுணுக்கம்தான். ஆனாலும் அந்த ஒரு வரியைக் காப்பாற்றி வைத்ததுதான் பிற்பாடு எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

அப்புறம் 1991 நவம்பர் 12. அதற்கு இரண்டு வாரம் முன்பு செபஸ்தியாவ் கோமெஸ் என்ற இளைஞர் ஒரு தேவாலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவர் கல்லறைக்கு மலர் வைக்க ஊர்வலமாகப் போனவர்களை டிலியின் சாந்தா குரூஸ் கல்லறைத் தோட்டத்துக்குள் வைத்துப் படையினர் சுட்டார்கள். இறந்தவர்கள் 250-க்கும் மேல். அவர்களில் கமால் பமதாஜ் என்ற இருபது வயது மாணவரும் ஒருவர், மலேசியத் தந்தைக்கும் நியூசிலாந்துத் தாய்க்கும் பிறந்தவர். இப்படிப்பட்ட படுகொலைகள் அங்கே அதற்கு முன்பும் நடந்திருக்கின்றன. இந்த முறை மட்டும் மாக்ஸ் ஸ்டால் என்ற பிரிட்டிஷ் படப்பிடிப்பாளர் உள்ளே இருந்தார். சுடச்சுடப் படம் எடுத்தார், கைதாவதற்கு முன் நாடாவை அங்கேயே ஒரு கல்லறையில் புதைத்தார், இரவில் திரும்பி வந்து தோண்டி எடுத்தார். டச்சுப் பத்திரிகையாளர் ஒருவர் அதை நாட்டுக்கு வெளியே கடத்திக் கொண்டுபோனார். அமெரிக்கச் செய்தியாளர்கள் ஏமி குட்மேனும் ஆலன் நேர்னும் அதே இடத்தில் அடி வாங்கினார்கள். நேர்னுக்கு மண்டை ஓட்டில் எலும்பு முறிந்தது.

டாம் ஹைலண்ட் என்பவர் அந்தக் காட்சிகளை அயர்லாந்தின் டப்ளினில் தன் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தார். பஸ் ஓட்டுநராக இருந்து அப்போது வேலை இல்லாமல் இருந்தவர். பாலிஃபெர்மட் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருந்த தன் வீட்டிலிருந்தே பிரசாரத்தைத் தொடங்கினார். வரைபடத்தில் திமோர் எங்கே என்று காட்டுவதே முதல் வேலை. ஆனால் சில ஆண்டுகளில் ஐரிஷ் அரசே இந்த விஷயத்தைச் சர்வதேச மேடைகளில் எழுப்ப ஆரம்பித்தது. 1999-ல் ஐரோப்பிய ஒன்றியம் கிழக்குத் திமோருக்குச் சிறப்புப் பிரதிநிதியாக அனுப்பியது ஐரிஷ் வெளியுறவு அமைச்சரைத்தான். ஒரு சின்ன நாட்டில் அக்கறையுள்ள பத்துப் பேர் அமைச்சரின் காதுவரை போவது எளிது. பெரிய நாட்டில் அது நடக்காது, அங்கே வேறு வழி பார்க்க வேண்டும்.

அந்த வேறு வழியைக் கண்டுபிடித்தது அமெரிக்காவில் அதே 1991 கடைசியில் உருவான கிழக்குத் திமோர் செயல் வலையமைப்பு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘ஈட்டான்’ என்பார்கள். என் பார்வையில் இந்த முழுக் கதையிலும் கற்க வேண்டியது இவர்கள் எடுத்த ஒரு முடிவுதான். சுகார்த்தோவைத் திருத்துவது தங்கள் வேலை இல்லை என்று முடிவு செய்தார்கள். அவர் இவர்கள் கடிதத்தைப் படிக்கப் போவதில்லை. இவர்கள் ஓட்டு அவருக்குத் தேவையும் இல்லை. ஆனால் அவருடைய படை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பது தங்கள் வரிப்பணம், அவர் துப்பாக்கி தங்கள் ஊர் ஏற்றுமதி. அந்தக் குழாயின் திருகு தங்கள் ஊர் நாடாளுமன்ற உறுப்பினர் கையில் இருக்கிறது. ஆகவே அதை அடைக்கச் சொல்வோம் என்று இறங்கினார்கள்.

1992 அக்டோபரிலேயே, அதாவது ஓராண்டுக்குள், இந்தோனேசியாவுக்கான இராணுவப் பயிற்சி நிதியை அமெரிக்கக் காங்கிரஸ் நிறுத்தியது. தொகையாகப் பார்த்தால் அற்பம். ஆனால் ஜகார்த்தாவில் அதை யாரும் அற்பமாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் பயிற்சி பெறுவது அங்கே அதிகாரிகளுக்குப் பெரிய கௌரவம். அடுத்த ஆண்டு ஜோர்தானிலிருந்து இந்தோனேசியாவுக்குப் போகவிருந்த எஃப்-5 போர்விமானங்களை வாஷிங்டன் தடுத்தது. 1994-ல் சிறிய ரக ஆயுதங்களுக்குத் தடை. 1997-ல் சுகார்த்தோவே கடுப்பாகி, காங்கிரஸில் வரும் விமர்சனங்கள் நியாயமற்றவை என்று சொல்லி, எஃப்-16 விமானங்கள் வாங்குவதையும் மிச்சமிருந்த பயிற்சித் திட்டத்தையும் வேண்டாம் என்றார். தொலைபேசியும் நகல் இயந்திரமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் வேலை ஒரு சர்வாதிகாரியைக் கோபப்பட வைத்துவிட்டது.

ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்தாறு பேர், தங்கள் உறுப்பினர் அலுவலகத்தில் வெளிவிவகாரம் பார்க்கும் உதவியாளரின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டு, ‘அடுத்த வாரம் வரும் இந்த மசோதாவின் இந்தத் திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களியுங்கள்’ என்று கேட்பார்கள். ‘திமோருக்கு நீதி வேண்டும்’ என்று மொட்டையாகக் கேட்க மாட்டார்கள். முதல் வகைக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவது வகைக்கு ஓர் அனுதாபக் கடிதம் வரும், அவ்வளவுதான்.

எல்லோரும் இவ்வளவு பதவிசாக இருக்கவில்லை. 1996 ஜனவரியில் இங்கிலாந்தின் வார்ட்டன் தொழிற்சாலைக்குள் மூன்று பெண்கள் சுத்தியலோடு நுழைந்து, இந்தோனேசியாவுக்கு அனுப்பத் தயாராக நின்ற ஹாக் ரகப் போர்விமானம் ஒன்றின் கருவிகளை நொறுக்கினார்கள். ஓடவில்லை, தாங்களே சொல்லிவிட்டுக் கைதாகக் காத்திருந்தார்கள். திட்டத்தில் பங்கிருந்த நான்காவது பெண் பின்னர் கைதானார். சேதம் 15 லட்சம் பவுண்டு. விசாரணை முடியும்வரை ஆறு மாதம் சிறை. ஒரு பெரிய குற்றத்தைத் தடுக்கவே இதைச் செய்தோம் என்ற அவர்கள் வாதத்தைக் கேட்ட லிவர்பூல் நீதிமன்ற ஜூரிகள், ஜூலையில் நால்வரையும் விடுதலை செய்தார்கள். இதைப் பார்த்து நீங்களும் சுத்தியல் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் ஆண்டுக்கணக்கில் மனு எழுதி, ஊர்வலம் போய், எல்லாம் பலிக்காத பிறகுதான் அங்கே போனார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டு சிறைக்குத் தயாராகவும் போனார்கள்.

இதுவரை சொன்னதைப் படித்தால் வெள்ளைக்காரர்கள் வந்து காப்பாற்றிய கதை போலத் தெரியலாம். அப்படி இல்லை. ஆசியாவில் இதைப் பேசுவது இன்னும் ஆபத்தாக இருந்தது. 1994-ல் மணிலாவில் கிழக்குத் திமோர் பற்றி ஒரு மாநாடு ஏற்பாடானபோது ஜகார்த்தாவின் நெருக்குதலுக்குப் பணிந்து பிலிப்பைன்ஸ் அரசு வெளிநாட்டுப் பேராளர்களைத் தடுத்தது. அந்தத் தடையே மாநாட்டைப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்குக் கொண்டுபோனது வேறு கதை. 1996-ல் கோலாலம்பூரில் நடந்த அடுத்த மாநாட்டுக்குள் ஆளுங்கட்சி இளைஞர் கும்பல் புகுந்து கலைத்தது. கூட்டம் நடத்தியவர்களைத்தான் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. எல்லாரையும்விடத் துணிச்சலானவர்கள் இந்தோனேசியர்கள். தங்கள் படையே செய்யும் கொடுமையை, சுகார்த்தோ ஆட்சியில் இருந்தபோதே, தங்கள் தலைநகரிலேயே எதிர்த்த மாணவர்களும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். 1995 டிசம்பரில் டச்சு, ரஷ்யத் தூதரகங்களின் சுவர் ஏறிக் குதித்தவர்களில் திமோரியர்களோடு இந்தோனேசிய இளைஞர்களும் உண்டு.

வழி காட்டியது எப்போதும் திமோரியர்கள்தான். 1994 நவம்பரில் ஏபெக் என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் உச்சிமாநாட்டுக்குக் கிளிண்டன் வந்த நேரம் பார்த்து, 29 திமோரிய மாணவர்கள் ஜகார்த்தாவின் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள் குதித்துப் பன்னிரண்டு நாள் உட்கார்ந்தார்கள். உலகப் பத்திரிகையாளர்கள் எல்லாம் மாநாட்டுக்காக அங்கேயே இருந்தார்கள். இதைவிடச் சரியான நேரம் வாய்க்காது. சிறையிலிருந்து எதிர்ப்பியக்கத் தலைவர் ஷனானா குஸ்மாவ், வெளிநாட்டில் அவர்களுக்காகப் பேசிய ஜோசே ராமோஸ் ஹோர்தா, நடுவில் நகர்ப்புற மாணவர்கள் என்று அவர்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. வெளிநாட்டு ஆதரவாளர்கள் அந்தத் தாளத்துக்கு ஆடினார்கள், தாங்களாகத் தாளம் போடவில்லை.

சரி, இவ்வளவும் சேர்ந்துதான் விடுதலை வாங்கித் தந்ததா? நேர்மையாகச் சொன்னால், இல்லை. 1997-ன் ஆசியப் பொருளாதார நெருக்கடி இந்தோனேசியாவை முறித்தது, 1998 மே 21-ல் சுகார்த்தோ இறங்கினார், அடுத்து வந்த ஹபிபி யாரும் எதிர்பாராத விதமாக 1999 ஜனவரியில் ‘வேண்டாம் என்றால் போகட்டும்’ என்ற தொனியில் வாக்கெடுப்புக்கு இறங்கிவந்தார். இந்த மூன்றில் எதையும் எந்த ஆதரவுக் குழுவும் செய்யவில்லை. ஆனால் கதவு திறந்த நேரத்தில் வாசலில் ஆள் இருந்தது. 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பைப் பார்க்கப் பல நாடுகளின் ஆதரவுக் குழுக்கள் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட தன்னார்வக் கண்காணிப்பாளர்களை அனுப்பின. 98.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவுக்குள் சுயாட்சி என்பதை நிராகரித்துச் சுதந்திரம் கேட்டார்கள்.

முடிவு வந்ததும் படையும் அது வளர்த்துவிட்ட ஆயுதக் குழுக்களும் ஊர்களைக் கொளுத்தின. அந்த ஆண்டு கொல்லப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். இரண்டரை லட்சம் பேர் எல்லை தாண்டி மேற்குத் திமோருக்குத் துரத்தப்பட்டார்கள், பலர் வண்டியில் ஏற்றிக் கடத்தப்பட்டார்கள். அப்போதுதான் எட்டு ஆண்டு மனு எழுதிய பழக்கம் கைகொடுத்தது. ஆஸ்திரேலியத் தொழிற்சங்கங்கள் மறுபடியும் தடை போட்டன, லிஸ்பனில் ஊரே தெருவில் நின்றது, அமெரிக்காவில் எந்த அலுவலகத்தை எந்த நேரத்தில் கூப்பிட வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். செப்டம்பர் 9-ல் கிளிண்டன் இந்தோனேசியாவுடனான இராணுவ உறவை நிறுத்தினார். 12-ல் ஹபிபி சர்வதேசப் படைக்குச் சம்மதித்தார். 20-ல் படை இறங்கியது. 1975-ல் ‘நெருக்க மாட்டோம்’ என்று சொன்ன அதே அரசு நெருக்கியபோது மூன்றே நாளில் பதில் கிடைத்தது. முன்னாலேயே நெருக்கியிருந்தால் என்ற கணக்கை நான் போட விரும்பவில்லை.

தமிழ் வாசகர்கள் அடுத்து ஈழத்தைக் கேட்பீர்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. திமோர் ஐ.நா.வின் காலனிப் பட்டியலில் இருந்த பிரதேசம், அதன் மீதான இந்தோனேசிய உரிமையை ஐ.நா. ஒருபோதும் ஏற்கவில்லை. சுயநிர்ணய உரிமை எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் உரிமை என்று சர்வதேச நீதிமன்றம் 1995-ல் சொன்னதும் திமோர் வழக்கில்தான். ஒரு நாட்டின் ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லைக்குள் இருக்கும் மக்களுக்கு அந்தச் சட்டக் கதவு அவ்வளவு எளிதாகத் திறப்பதில்லை. பக்கத்திலேயே, இந்தோனேசியாவின் கையில் உள்ள மேற்குப் பாப்புவா இருக்கிறது. 1969-ல் தேர்ந்தெடுத்த ஆயிரத்துச் சொச்சம் பேரைக் கையைத் தூக்க வைத்து ‘மக்கள் தீர்ப்பு’ என்றார்கள், ஐ.நா. அதைக் குறித்துக்கொண்டது. இன்றும் அவர்கள் அந்த ஒரு நாளோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

2002 மே 20-ல் சுதந்திரம் வந்ததும் பல ஆதரவுக் குழுக்கள் கடையைக் கட்டின. ஈட்டான் பெயரில் இந்தோனேசியாவையும் சேர்த்துக்கொண்டு பாப்புவா பக்கம் திரும்பியது. சிலர் டிலிக்கே போய்விட்டார்கள், டாம் ஹைலண்டும் அப்படித்தான். 2000-ல் அங்கே தொடங்கிய ‘லாவோ ஹமுத்துக்’ எனக்குப் பிடித்த அமைப்பு. தேத்தும் மொழியில் ‘சேர்ந்து நடப்பது’ என்று பொருள். திமோரியர்களும் வெளிநாட்டவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, உலக வங்கியும் ஐ.நா.வும் உதவி என்ற பெயரில் வரும் பணத்தை எங்கே செலவழிக்கின்றன என்று கணக்குப் பார்த்தார்கள், பிறகு தங்கள் அரசின் எண்ணெய்ப் பணத்தையும் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் இருந்த நண்பர்களோ, தங்கள் அரசு திமோர் கடலின் எண்ணெயை அமுக்கப் பார்க்கிறது என்று சொந்த அரசோடு இன்னொரு சண்டை போட்டார்கள். நியாயமான கடல் எல்லைக்கு ஒப்பந்தம் வர 2018 ஆயிற்று. வெட்கமான பக்கமும் உண்டு. ஹோர்தாவோடு 1996 அமைதி நோபல் பரிசைப் பகிர்ந்த திமோரியக் கத்தோலிக்க பிஷப் பெலோ மீது சிறுவர்களைப் பாலியல் துன்புறுத்தல் செய்ததாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. வத்திகான் 2020-லேயே அவர் மீது கட்டுப்பாடுகள் விதித்தது 2022-ல் வெளியே தெரிந்தது. போராட்டத்தின் முகங்களைத் தெய்வமாக்கி வைத்த ஆதரவாளர்கள் பலருக்கு அது பேரிடி.

இனி உங்கள் பணத்துக்கு வருகிறேன். அந்த அமைப்பு யாருக்காகப் பேசுகிறதோ அந்த மக்களின் சொந்த அமைப்புகளுக்கு இவர்களைத் தெரியுமா என்று முதலில் விசாரியுங்கள். தெரியாது என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஒரே அரசிடமோ ஒரே பணக்காரரிடமோ வாங்கிப் பிழைக்கும் குழு, அவர்கள் முகம் சுளித்த அன்றைக்கு மௌனமாகிவிடும். நூறு பேரின் சில்லறையில் ஓடும் குழுவுக்கு அந்தப் பயம் குறைவு. உங்கள் ஐந்நூறு ரூபாய்க்கு மதிப்பு அதனால்தான். கணக்கு காட்டுகிறார்களா என்று கேட்கத் தயங்காதீர்கள், நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இந்தியாவிலிருந்து வெளிநாட்டு அமைப்புக்கு அனுப்புவதானால் ரிசர்வ் வங்கியின் தனிநபர் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ், நன்கொடை என்று காரணம் சொல்லி, பான் எண்ணோடு வங்கி வழியாக அனுப்பலாம். 80ஜி வரிச்சலுகை கிடைக்காது. நீங்களே பலரிடம் வசூலித்து மொத்தமாக அனுப்புவது வேறு சங்கதி, அதற்கு ஆடிட்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

முதல் மாதமே பணம் போடாதீர்கள். அவர்கள் கூட்டத்துக்கு ஒரு முறை போங்கள். தேநீர் இடைவேளையில் யாராவது ஒருவரைப் பிடித்து, ‘இந்த மாதம் யாரிடம் என்ன கேட்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஓர் ஆளின் பெயரும் ஒரு தேதியும் பதிலாக வந்தால் பர்ஸை எடுக்கலாம்.